வளரும் பெண்களின் உடை அளவு: சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு நிலைப்பாடு

சிங்காரப்பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் தாய்மார்கள், தையல் தொழில் செய்வோர், ஆசிரியர்கள், ஆலை வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்தது எங்கள் அமைப்பு. 10 முதல் 18 வயது வரையிலான பெண்பிள்ளைகளுக்குக் கடையில் கிடைக்கும் உடை அளவுகள் குறித்த எங்கள் நிலைப்பாட்டைப் பொதுமக்கள் முன் வைக்கிறோம்.

நிலைப்பாடு

ஒரு பெண்பிள்ளைக்குப் பொருந்தும் உடை கடையில் இல்லை என்றால், அந்த அளவைத் தைக்காதவரும் வாங்கி வைக்காதவரும்தான் அதற்குப் பொறுப்பு. அவளை இளைக்கச் சொல்வதும் சதை போடச் சொல்வதும் தீர்வாகாது. ஆடையின் அளவு சென்டிமீட்டரில் தெரிய வேண்டும். அரசு கொடுக்கும் சீருடை பிள்ளையை அளந்து தைத்ததாக இருக்க வேண்டும். உடை விற்கும் இடத்திலும் படிக்கும் இடத்திலும் அவள் உடம்பைப் பற்றிய பேச்சு நிற்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்கிறோம்.

கடையில் நடப்பது

குழந்தைகள் பகுதியில் 34, 36, 38 என்று எண் போட்டுப் போகிற கவுனும் சுடிதாரும் ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் வேண்டுமானால் பெரியவர்கள் பகுதிக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவை கல்யாணமான பெண்களின் உடலமைப்பை மனத்தில் வைத்து வெட்டியவை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முதல் பகுதியில் எடுத்தது தோளில் பிடிக்கும். இரண்டாவது பகுதியில் எடுத்தது நெஞ்சில் தொங்கும், கழுத்து இறங்கும். பள்ளித் தோழிகள் போடுகிற குட்டை டாப்ஸும் ஜீன்ஸும் ஒல்லியான உடம்புக்கு மட்டுமே வருகின்றன. பல டாப்ஸில் ‘ஃப்ரீ சைஸ்’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதிய ஆடை தன் உடம்பில் ஏறாதபோது, அந்தப் பெண் ஆடையைச் சந்தேகிப்பதில்லை. தன்னைத்தான் சந்தேகிக்கிறாள்.

இது பருமனான பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமல்ல. மெலிந்த பிள்ளைக்கு இடுப்பில் நிற்காத பேன்ட், நெட்டையான பிள்ளைக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற பேன்ட், மார்பு சீக்கிரம் வளர்ந்த பிள்ளைக்குப் பொத்தான் பிளக்கிற சட்டை எல்லாம் இதே கதைதான்.

கூடவே வருகிற பேச்சு இருக்கிறதே, அது துணியைவிட இறுக்கும். “இந்த வயசுலயே இவ்ளோ உடம்பா?” “கொஞ்சம் கொறச்சா எல்லா மாடலும் போடலாம்மா.” “எலும்புக்கு எந்த சைஸ் எடுக்கறது?” கடைக்காரர் சொல்வார், பெரியம்மா சொல்வார், சில நேரம் பெற்ற தாயே சொல்வார். அக்கறையில் சொல்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். கேட்கிற பெண் காலைச் சாப்பாட்டைத் தள்ளுகிறாள், வெயிலிலும் துப்பட்டாவை இழுத்து மூடுகிறாள், விளையாட்டு விழாவில் பெயர் கொடுக்க மறுக்கிறாள்.

காலைச் சாப்பாட்டைத் தள்ளுவது சின்ன விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துச் சரிசெய்யப் பார்ப்பதை டிரையல் ரூம் கண்ணாடி கெடுத்துவிடுகிறது.

பூப்பெய்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள சில ஆண்டுகளில் உயரம் திடீரென்று கூடும், இடுப்பு அகலும், உடம்பில் கொழுப்பு சேரும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பெண்களுக்கு இது ஒரே நேரத்தில் நடப்பதில்லை. இது நோயும் அல்ல, சோம்பலும் அல்ல. அந்த ஆண்டுகளில்தான் கடையில் அளவு இல்லாமல் போகிறது.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கிருஷ்ணகிரியில் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பெரியவர்கள் பகுதிக்கு அனுப்பி, பெரியவர்களுக்கான உடையைப் போட்டு அழைத்து வந்தால், “பொண்ணு பெருசாயிட்டா” என்ற பேச்சு ஊரில் தொடங்குகிறது. மாப்பிள்ளைப் பேச்சு அதற்குப் பின்னாலேயே வரும். சட்டப்படி திருமண வயது 18. உடம்பின் பருமனுக்கும் அந்த வயதுக்கும் தொடர்பு இல்லை. வளரும் பெண்ணுக்கு அவள் வயதுக்கேற்ற உடை அவள் அளவில் கிடைப்பதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் நாங்கள் பார்ப்பது இதனால்தான்.

காரணம் எங்கே இருக்கிறது

ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் தானாக ஓர் அளவை ஒதுக்குவதில்லை. பர்கூரிலோ ஈரோட்டிலோ பெங்களூரு சிக்பேட்டையிலோ மொத்தமாக எடுக்கும்போது சரக்கு செட்டாகத்தான் வருகிறது. அளவுக்கு ஒன்று அல்லது இரண்டு உருப்படி. நடு அளவுகள் முதல் வாரத்தில் விற்றுவிடும். ஓர அளவில் ஒன்று தங்கினால் அடுத்த முறை அந்த அளவே இல்லாத செட்டைக் கேட்கிறார். உற்பத்தியாளரும் அதையே தைக்கிறார். கேட்பவர் இல்லை என்று தைப்பதில்லை. தைப்பதில்லை என்று கேட்பவரும் வருவதில்லை.

வெட்டும் மேசையிலும் காரணம் உண்டு. ஒரு நடு அளவுக்கு மாதிரி போட்டு, அதையே ஒவ்வோர் அளவுக்கும் சம அளவில் கூட்டிக்கொண்டு போவது ஆலைகளின் வழக்கம். உடம்பு அப்படிச் சம அளவில் வளர்வதில்லை. இடுப்பு கூடிய அளவுக்குத் தோள் கூடாது. வளரும் பிள்ளைக்கு வேறு மாதிரியே போட வேண்டும். அதற்குச் செலவு உண்டு, துணியும் கூடுதலாகப் பிடிக்கும். விலையோ எல்லா அளவுக்கும் ஒன்று. அதனால் யாரும் துணிவதில்லை.

திறமை இல்லாததால் இப்படி நடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. திருப்பூரிலும் பெங்களூருவிலும் ஏற்றுமதிக்காகத் தைக்கும் ஆயத்த ஆடை ஆலைகளில், வெளிநாட்டுக் கடைகள் கேட்கும் பெரிய அளவுகளையெல்லாம் நம் பக்கத்துப் பெண்கள் தைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களின் மகள்களுக்குத்தான் உள்ளூரில் அளவு இல்லை.

நடு அளவு என்பதே யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள், 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். இரண்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டுகிறது. கடை ‘நார்மல்’ என்று வைத்திருப்பது பாதிப் பெண்களுக்குக்கூட உரியதல்ல.

இந்திய உடலுக்கென்று அளவு அட்டவணை உருவாக்க மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமும் ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தை எடுத்தன. கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய 6 நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது திட்டம். வரவேற்கிறோம். ஆனால் அதன் வயது வரம்பு 15 முதல் 65. உடம்பு வேகமாக மாறுகிற 10 முதல் 14 வயது அதில் இல்லை. தமிழ்நாட்டு நகரம் ஒன்றும் இல்லை.

மற்ற நாடுகள் செய்தவை

அமெரிக்கப் பதின்வயதுப் பெண்களிடையே பேர்போன பிராண்டி மெல்வில் கடைகள் ஒரே ஓர் அளவை வைத்தே பல ஆண்டுகள் வியாபாரம் செய்தன. அந்த அளவும் மெலிந்தவர்களுக்கானது. 2024 இல் எச்பிஓ தொலைக்காட்சி வெளியிட்ட ஆவணப்படம் அந்த வியாபார முறையைக் கேள்வி கேட்டது. நம் ‘ஃப்ரீ சைஸ்’ அதற்கு ஒன்றுவிட்ட தங்கை.

அர்ஜென்டினா இதைச் சட்டத்தால் எதிர்கொண்டது. பதின்வயதுப் பெண்களுக்கு உடை விற்கும் கடைகள் 38 முதல் 48 வரையிலான அளவுகள் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று புவெனஸ் ஐரிஸ் மாகாணம் விதித்தது. 2005 இல் அது நடைமுறைக்கு வந்தது. கண்காணிப்பு போதாமல் பல கடைகள் அதைப் பின்பற்றவில்லை. 2019 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வேறு வழியில் தேசியச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது: முதலில் மக்களை அளப்பது, அதிலிருந்து ஒரே அட்டவணை செய்வது, அதைச் சீட்டில் அச்சிடச் செய்வது, வாங்க வருபவரைக் கண்ணியமாக நடத்துவதைக் கடையின் கடமையாக்குவது. ஸ்பெயின் தன் பெண்களை அளந்தபோது 12 வயதிலிருந்தே தொடங்கியது. எல்லா அளவும் வை என்று கடைக்கு ஆணையிடுவதைவிட, அளந்து, எழுதி, மரியாதையாக விற்கச் செய்வதே நிலைக்கும் என்பது இவற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

எங்களிடம் கேட்கப்படும் மூன்று கேள்விகள்

சின்னக் கடைக்காரர் தலையில் ஏன் பாரம் ஏற்றுகிறீர்கள்? ஏற்றவில்லை. எல்லா மாடலையும் எல்லா அளவிலும் அடுக்கச் சொல்லவில்லை. எந்த அளவு உண்டு, எது இல்லை என்று முன்கூட்டியே சொன்னால் போதும். பிள்ளை ஐந்து உடையைப் போட்டுப் பார்த்து அழுத பிறகு தெரிய வேண்டியதில்லை. விற்காத அளவைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பொறுப்பு மொத்த வியாபாரியுடையது.

பெரிய அளவு கிடைத்தால் குண்டாவதை ஊக்குவிப்பதாகாதா? எடை கவலை தருவதாக இருந்தால் அதைப் பார்க்க வேண்டியவர் மருத்துவர், ஜவுளிக்கடைக்காரர் அல்ல. ஓடுவதற்கு ஏற்ற டிராக் பேன்ட் கிடைக்காத பெண் மைதானத்துக்கே வரமாட்டாள்.

தைத்துப் போட்டால் போச்சு, இதற்கு ஓர் அறிக்கையா? எங்களில் பலர் தையல்காரர்கள். எங்களுக்கு வேலை வருவது நல்லதுதான். ஆனால் துணி விலையும் தையற்கூலியும் சேர்ந்தால் ரெடிமேடைவிடக் கூடுதலாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், பதினான்கு வயதுப் பெண் தோழிகள் போடுவதைத் தானும் போட ஆசைப்படுவது இயல்பு. தைத்துப் போடுவது அவள் விருப்பமாக இருக்க வேண்டும், வேறு வழியில்லாததால் இருக்கக் கூடாது.

கோரிக்கைகள்

1. தொழிலாளர் துறைக்கு: உறையில்லாமல் விற்கும் ஆயத்த ஆடையிலும் எஸ், எம், எல் போன்ற குறியீட்டுடன் மெட்ரிக் அளவையும் குறிப்பிட வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதிகளில் 2022 இல் செய்த திருத்தம். புதுச் சட்டம் தேவையில்லை, இருப்பதை அமலாக்குங்கள். எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரிகள் தீபாவளிக்கு முன் துணிக்கடைச் சீட்டுகளையும் பார்க்க வேண்டும். ‘ஃப்ரீ சைஸ்’ என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்கக் கூடாது.

2. சமூக நலத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும்: 1 முதல் 8 ஆம் வகுப்பு வரை சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை விலையில்லாமல் கிடைக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைக்கின்றன. 6 ஆம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவியர் ஒவ்வொருவரையும் பெண் தையல்காரர் தனியிடத்தில் அளந்த பிறகே தைக்க வேண்டும். அளவைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. பக்கத் தையலில் இரண்டு அங்குலமாவது உள்ளே துணி விட வேண்டும். ஓவர்லாக் ஓரத்தை ஒட்டி வெட்டிய உடையைப் பிரித்துவிட முடியாது. வளர்கிற பிள்ளைக்குப் பாதி ஆண்டிலேயே அது பிடித்துவிடும்.

3. ஜவுளி அமைச்சகத்துக்கு: 10 முதல் 14 வயது வரையிலான பெண்களையும் தமிழ்நாட்டு மாவட்டங்களையும் சேர்த்து ‘இந்தியா சைஸ்’ அளவெடுப்பை விரிவாக்க வேண்டும்.

4. பர்கூர், திருப்பூர், ஈரோடு உற்பத்தியாளர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும்: பதின்வயதுப் பெண்களுக்கெனத் தனி மாதிரி போட்டுத் தையுங்கள். செட்டில் ஓர அளவுகளைச் சேருங்கள்; விற்காததை மாற்றிக் கொடுங்கள்.

5. கடைக்காரர்களுக்கு: கைவசம் உள்ள அளவுகளை வாசலில் எழுதி வையுங்கள். “உங்க சைஸ் இல்ல” என்பதற்குப் பதில் “எங்ககிட்ட அந்த சைஸ் இல்ல” என்று சொல்லப் பணியாளரைப் பழக்குங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

6. பள்ளிகளுக்கு: எடை, உயரம் பார்க்கும் நாளில் எண்களை வகுப்பறையில் அறிவிக்க வேண்டாம். விளையாட்டு உடை, கலைநிகழ்ச்சி உடை எடுக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் அளவு கிடைக்கிற உடையையே தேர்ந்தெடுங்கள்.

நாங்கள் செய்வது

மற்றவர்களைக் கேட்பதோடு நிற்கப் போவதில்லை. எங்கள் தையல்காரர்கள் பள்ளிச் சீருடைகளைத் துணி உள்ளவரை கூலியில்லாமல் பிரித்துவிட்டுக் கொடுப்பார்கள். எங்கள் உறுப்பினர் வீடுகளில் பிள்ளையின் உடம்பைக் கேலி செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் இது பொருந்தும். குழந்தைத் திருமணப் பேச்சு எங்கே எழுந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிப்போம்.

வரும் தீபாவளி விற்பனையின்போது சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை கடைகளுக்குப் பிள்ளைகளோடு போவோம். எந்தக் கடையில் அளவு சென்டிமீட்டரில் இருந்தது, எந்தக் கடை தன்னிடம் உள்ள அளவுகளை எழுதி வைத்தது என்று பட்டியலிடுவோம். செய்த கடைகளின் பெயர்களை மட்டும் அடுத்த ஜனவரி 26 கிராம சபையில் படிப்போம். செய்யாதவர்களுக்கு அதன் பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு. மே 1 கிராம சபையில் அந்தப் பட்டியல் நீண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். நீளாவிட்டால் தொழிலாளர் துறையிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்போம்.