கடிதம் எழுதுவோம், முகவரி கேட்போம்



கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறோம்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, ஏ-9 வீதியும் இல்லை. கொழும்பிலும் கனடாவிலும் இருந்த பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதைக் கடல் வழியாக வந்த தபால் மூட்டைதான் சொன்னது. வாரக்கணக்கில் தாமதித்தாலும் மக்கள் காத்திருந்தார்கள். தடுப்பில் இருந்தவர்களின் நலச்செய்தியைச் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து கொடுத்தது. 2002இல் திறந்த பாதை 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. மறுபடியும் கடிதம்தான். அந்தக் கடிதங்களை இன்றும் டிரங்குப் பெட்டியில் கட்டி வைத்திருக்கும் தாய்மார் அங்கே உண்டு. திரும்பி வராத மகனின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இங்கே என்றும் பங்கு போட்டது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார், தங்கை லயத்திலேயே நின்றுவிட்டாள். நீலகிரித் தேயிலைக் காட்டுக்கும் நம் மலைக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே பாலம் கடிதம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூட மாஸ்டர் எழுதிக் கொடுத்தார், தோட்டக் கமிட்டித் தலைவர் வாசித்துக் காட்டினார். ஒரு வீட்டுக் கடிதத்துக்கு லயமே அழுதது.

இன்று நம் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள். பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். போனில் பேசுகிறோம், சந்தோஷம். ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் அந்தப் பிள்ளையால் என்ன சொல்ல முடியும்? ராத்திரி தனியாக உட்கார்ந்து எழுதும் இரண்டு பக்கத்தில்தான் சம்பளம் குறைத்ததும் சாப்பாடு சரியில்லாததும் வரும். போன் உடைந்தால் வாட்ஸ்அப் செய்தி போய்விடும். கடிதம் பெட்டியில் கிடக்கும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் திகதியோடு சாட்சி சொல்லும்.

போனை வீசச் சொல்லவில்லை. அவசரத்துக்குப் போன், மனசுக்குக் கடிதம் என்கிறோம்.

ஆனால் அந்தப் பிள்ளை எழுதும் கடிதம் நம் லயத்துக்கு வந்து சேருமா? இதுதான் நம் தலையாய கேள்வி. மலையகத்துக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னமும் எத்தனையோ லயக் காம்பராக்களுக்கு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான் முகவரி. தபால் தோட்ட ஆபீசுக்குப் போகிறது, அங்கிருந்து யார் கையிலாவது வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்துக்காக அலைந்த பென்சன்காரர்களும் இருக்கிறார்கள். ஒரே பெயரில் நான்கு பேர் உள்ள தோட்டத்தில் யாருடைய கடிதத்தை யார் பிரித்தார் என்றே தெரியாது.

டென்மார்க்கின் தபால் நிறுவனம் 2025 கடைசியோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. அங்கே வீட்டு வாசல்வரை தபால் வந்து, போதும் என்று விட்டார்கள். நமக்கு அது வாசலுக்கு வரும் முன்பே "யார் இப்போது கடிதம் எழுதுகிறார்கள்?" என்று சொல்லிக் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒக்டோபர் 9 உலக தபால் தினம். அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் வெளியூரில் இருக்கும் தன் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதட்டும். 2022 ஆகஸ்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக முத்திரை விலை ஏறியது நமக்குப் பாரம்தான். மாதம் ஒரு கடிதமாவது எழுதலாமே. இரண்டாவது, சம்பள நாளில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு மேசை போட்டு, எழுத முடியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும். நம் இளைஞர்களுக்கு இது நல்ல வேலை. மூன்றாவது, வரும் கடிதத்தின் உறையை வீசாதீர்கள். தபால் முத்திரையில் உள்ள திகதியையும் கையில் கிடைத்த திகதியையும் ஒரு கொப்பியில் குறித்துக் கமிட்டியிடம் கொடுங்கள்.

அந்தக் கொப்பிகளை ஒன்று சேர்த்துத்தான் ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம், ஒவ்வொரு லயத்துக்கும் தபால் பெட்டி, தபால்காரர் நேரே வாசலுக்கு என்ற கோரிக்கையை முன்வைக்கப் போகிறோம். வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிக்கலாம். முத்திரை குத்திய உறையைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை.

பேனாவை எடுங்கள். முகவரி எழுதும் இடத்தில், உங்களுக்கு இன்னும் தராத காம்பரா இலக்கத்துக்கும் ஒரு இடம் விட்டு எழுதுங்கள்.