ஒழுகுவது மரபல்ல

"இங்கிலீஷ் மோட்டார்னா எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் தம்பி. ஒழுகலைன்னா உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்."

ஜார்ஜ்டவுனில் பழைய மோட்டார்காரர்கள் கூடும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் இந்த ஜோக் காதில் விழும். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு பழுதைக் குணமாக்கிவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, பாருங்கள்.

தாத்தா விட்டுப்போன பிஎஸ்ஏ பி31-ஐ மாமா முழுதாகப் பிரித்துக் கட்டக் கொடுத்தார். திரும்பி வந்த பத்தாம் நாள் அஞ்சடியில் கறுப்பு வட்டம். மூன்று முறை திருப்பி அனுப்பினோம். மூன்று முறையும் கிராங்க்கேஸ் இணைப்பில் சிலிக்கான் பசையை அப்பி அனுப்பினார்கள். நான்காவதாக அந்த ஜோக்கைச் சொன்னார்கள்.

இன்ஜின் அப்படி மர்மமானதல்ல. நன்றாகக் கழுவிக் காயவிட்டு, முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓட்டுங்கள். எண்ணெய் கீழே வடியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. நனைந்த பவுடரில் ஆக மேலே, ஆக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேட வேண்டும்.

அடுத்து, காற்றழுத்தம். பி31 என்பது 348 சிசி ஒற்றை சிலிண்டர். 3000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் வினாடிக்கு 50 முறை கீழிறங்கி, அத்தனை காற்றையும் கிராங்க்கேஸுக்குள் அமுக்குகிறது. பிரீதர் அடைத்திருந்தால், அல்லது புது ரிங்குகள் இன்னும் படியாமல் எரிவாயுவைக் கீழே விட்டால், அந்த அழுத்தம் நல்ல கேஸ்கட்டையும் தாண்டி எண்ணெயைத் துப்பும். அங்கே பசை என்ன செய்யும்?

மாமாவின் வண்டி ஓடும்போது ஒழுகவில்லை, இரவு நின்றால்தான் ஒழுகியது. காலையில் தொட்டியின் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்தது. அடிப்பிளக்கைக் கழற்றினால் இறங்கிய எண்ணெய் முழுக்க அங்கே நின்றது. தொட்டி எண்ணெய் கீழே இறங்காமல் தடுக்கும் சின்ன உருண்டை வால்வில் அழுக்கு. அவ்வளவுதான். இணைப்பின் மேல் குற்றமே இல்லை.

பசை கெடுதலும் செய்யும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து எண்ணெய் வழியை அடைத்தால், பேரிங் வறண்டு சாகும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தைச் சிமெண்டால் மூடினால், ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்னும்.

"பழைய காலத்து இரும்பு, அப்படித்தான்" என்பார்கள். பி31 தயாரிப்பு 1959 வரை நடந்தது. நம் அப்பாக்கள் ஓட்டிய கப்சாயின் மூதாதையான ஹோண்டா சூப்பர் கப் வந்தது 1958-இல். அதன் அடியில் யாரும் அட்டை விரித்து வைக்கவில்லை.

பழசை நேசிப்பவர்கள் அதன் பழுதுக்குக் கைதட்ட வேண்டாம். அடுத்த முறை அந்த ஜோக்கைச் சொல்பவரிடம் கேளுங்கள்: "எப்போ ஒழுகுது அண்ணே, ஓடும்போதா, நிக்கும்போதா?" பதில் தெரியாதவரிடம் தாத்தாவின் இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.