விஷச் சாராயத்துக்குப் பிறகு... மரக்காணம் போன்ற ஊர்களில் மனநலச் செவிலியருக்கு என்ன வேலை?

2023 மே 13. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை ஒட்டியுள்ள எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில், சாராயம் குடித்தவர்கள் வாந்தி, மயக்கம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். புதுச்சேரி ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ்கள் பறந்தன. மரக்காணத்தில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரணங்கள். இரண்டையும் சேர்த்தால் பலி எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது.

சாராயத்தில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம். கைதுகள் நடந்தன, வழக்கு சிபிசிஐடி-க்குப் போனது, இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. உடனே சமூக வலைதளங்களில் விவாதமும் கிளம்பியது: “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?”

அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி காணாமல் போனது. பிழைத்தவர்கள் வீடு திரும்பிய பிறகு அவர்களை யார் பார்ப்பது? மறுநாளே கை நடுங்கினால் யாரிடம் சொல்வது? கணவனை இழந்த பெண் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தால் யார் வந்து விசாரிப்பது?

இதற்கெல்லாம் பயிற்சி பெற்ற ஒருவர் நம் சுகாதாரத் துறையில் உண்டு: மனநலச் செவிலியர். அவருடைய வேலை என்ன என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஊசி போடுவது மட்டுமா வேலை?

இல்லை. மற்ற வார்டுகளில் செவிலியரின் கையில் சிரிஞ்சும் பிபி கருவியும் இருக்கும். மனநலப் பிரிவில் அவையெல்லாம் இரண்டாவதுதான். முதல் கருவி செவிலியரே. அவர் எப்படிப் பேசுகிறார், எப்படிக் கேட்கிறார், எப்போது சும்மா இருக்கிறார் என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி.

இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். 1952-ல் வெளிவந்த அவருடைய புத்தகம், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே பணியின் மையமாக வைத்தது. முதலில் அறிமுகம், அடுத்து சேர்ந்து பிரச்சினையைக் கையாளுவது, கடைசியில் நோயாளி தன் காலில் நிற்கும்போது விலகிக்கொள்வது. இந்த உறவுக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. நட்பு போலத் தெரியும். ஆனால் நட்பு அல்ல.

‘ஏன் குடிச்சீங்க?’ என்று கேட்டால் என்ன தப்பு?

செவிலியப் பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்று, தீர்ப்பு சொல்லாமல் கேட்பது. இதை வெறும் நல்ல பண்பு என்று நினைத்துவிடக் கூடாது. குடிநோயைப் பொறுத்தவரை இது உயிர்காக்கும் விஷயம்.

தினமும் குடிக்கும் ஒருவர் திடீரென்று நிறுத்தினால், மூளை உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சுமார் 6 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களில் சிலருக்கு, இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வது போலவும் யாரோ கூப்பிடுவது போலவும் தோன்றும். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ எனப்படும் இந்த நிலை, கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கும்.

ஆக, செவிலியருக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான்: “கடைசியா எப்பண்ணே குடிச்சீங்க? எவ்வளவு?”

இதற்கு உண்மையான பதில் வர வேண்டும். “ஏன்யா இப்படிக் குடிச்சு குடும்பத்தைக் கெடுக்கிற?” என்று தொடங்கினால் பதில் என்னவாக இருக்கும்? “எப்பவாவது கொஞ்சமாத்தான் சிஸ்டர்.” அந்தப் பொய்யை நம்பி எழுதப்படும் கேஸ் ஷீட் மூன்றாம் நாள் நோயாளியை ஆபத்தில் தள்ளும். வெட்கப்பட வைத்தால் உண்மை ஒளிந்துகொள்ளும்.

விஷச் சாராய நோயாளிகளிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும். அந்த மாற்றத்தைத் தடுக்கக் கொடுக்கப்படும் மாற்றுமருந்துகளில் ஒன்று எத்தனால். அதாவது, மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால். அந்தச் சிகிச்சை முடிந்த பிறகு, தினக்குடிக்காரருக்கு நடுக்கமும் குழப்பமும் தொடங்க வாய்ப்பு உண்டு. விஷம் இறங்கிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில்தான் மனநலச் செவிலியரின் ஷிஃப்ட் சூடு பிடிக்கிறது.

எதை வைத்து அளக்கிறார்கள்?

கண்ணால் பார்த்து, “பரவாயில்லை மாதிரி தெரியுது” என்று எழுதுவது நடைமுறை அல்ல. உலகம் முழுக்கப் பயன்படும் ‘சிவா’ என்ற அளவுகோலில் 10 அம்சங்கள் உண்டு. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், தலைவலி, இல்லாததைக் காண்பது, கேட்பது என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அதிகபட்சம் 67. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, எண் ஏறினால் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். மருந்தின் அளவு அதையொட்டி மாறும். கூடவே வைட்டமின் பி1 ஆன தயமின், போதுமான நீர்ச்சத்து, கண்ணைக் கூசாத வெளிச்சம், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில். குழம்பிக் கிடப்பவரிடம் “நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கண்ணே, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை” என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் சிகிச்சைதான்.

அனுதாபம் வேறு, புரிதல் வேறு

“ஐயோ பாவம்” என்பது அனுதாபம். “வலை பின்னி, படகு தள்ளி, ராத்திரி உடம்பு வலியில தூக்கமே வராம இருந்திருக்கும், அப்படித்தானே?” என்று கேட்பது, எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று பார்ப்பது. இரண்டாவதுதான் செவிலியரின் வேலை.

மரக்காணத்தில் இந்தப் புரிதலுக்கு ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். இது உப்பளமும் கடலும் சோறு போடும் கடற்கரை. உப்பளத்தில் வெயில் காலம்தான் வேலைக்காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கும், கூலியும் நிற்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் தண்ணீருக்கடியில் போயின. கடலில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. உப்பள வெயில், காலில் புண், கடன், வேலையில்லாத மாதங்கள் என எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் குடிக்கதை. அந்தக் கதையைக் கேட்காமல் “நிறுத்து” என்று மட்டும் சொன்னால் அது காதில் ஏறாது.

அதற்காகக் குடிப்பதை ஏற்றுக்கொள்வதாக அர்த்தமா? இல்லை. மனிதரை ஏற்பது வேறு, பழக்கத்தை ஆதரிப்பது வேறு. இந்தக் கோட்டையும், செவிலியர் தன்னைக் காத்துக்கொள்ளும் எல்லைக்கோட்டையும் பயிற்சி கற்றுத்தருகிறது. நோயாளிக்குக் கடன் கொடுப்பது, பரிசு வாங்குவது, சொந்தக் கதையைக் கொட்டுவது எல்லாம் அந்த எல்லையைத் தாண்டுபவை.

ரெய்டு மட்டும் போதுமா?

கள்ளச் சாராயத்தை ஒழிப்பது அவசியம். ஆனால் வரத்து நின்றால் அடிமைப்பட்ட உடம்பும் அன்றே நின்றுவிடாது. 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியிருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மறுபடியும் மெத்தனால். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். மரக்காணம் நடந்து 13 மாதம்தான் ஆகியிருந்தது.

போலீஸ் சரக்கைப் பிடிக்கலாம். நடுங்கும் கையைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவருக்கும் கண்ணியமான சிகிச்சை பெற உரிமை உண்டு. சங்கிலியால் கட்டக் கூடாது. வேறு வழியே இல்லாத அவசரத்தில் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, குறைந்த நேரத்துக்கே கட்டுப்படுத்தலாம்.

இந்தத் தடை ஏன் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். கத்துபவரைக் கட்டிப்போடுவது சுலபம். தள்ளி நின்று, குரலைத் தாழ்த்தி, வாசலை மறிக்காமல், ஒருவர் மட்டும் பேசி அமைதிப்படுத்துவது கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலைக்குத்தான் செவிலியருக்குப் பயிற்சி.

இறந்தவர் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

இழப்பிலேயே இது தனி ரகம். விபத்தில் இறந்தவரின் மனைவி வாய்விட்டு அழலாம். குடித்து இறந்தவரின் மனைவி அழும்போது ஊர் வேறு மாதிரி பார்க்கும். துக்கத்தோடு அவமானமும் கோபமும் சேர்ந்துகொள்ளும். செவிலியர் அங்கே ஆறுதல் பொன்மொழி சொல்வதில்லை. தூக்கம், சாப்பாடு, குழந்தைகளின் பள்ளி என்று விசாரிப்பார். அப்புறம், பலர் கேட்கத் தயங்கும் கேள்வி: “உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?” இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்டால் பாரம் இறங்கும், உதவிக்கு வழி திறக்கும்.

ஊருக்கே போனால் மாற்றம் வருமா?

வரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மதுப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அவர்களாக மருத்துவமனைக்கு வர மாட்டார்கள் என்றால், சிகிச்சைதான் போக வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, சாந்தி ரங்கநாதன் தலைமையில், 1989-லேயே மஞ்சக்குடி கிராமத்தில் குடிநோய்ச் சிகிச்சை முகாமைத் தொடங்கியது. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் சில முறை பேசியதிலேயே, 3 மாதத்தில் 36 சதவீதம் பேரின் குடி ஆபத்து அளவுக்குக் கீழே இறங்கியது. அந்த ஆலோசனை இல்லாத குழுவில் இது 26 சதவீதம். பேசுவது வேலை செய்கிறது.

1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் செவிலியருக்கும் இடம் உண்டு. அந்தச் செவிலியர் மாவட்டத் தலைநகரில் நோயாளிக்காகக் காத்திருக்கிறாரா, உப்பளம் மூழ்கும் மழை மாதங்களில் குப்பத்துக்கே வருகிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போதே உதவி வேண்டுமா?

மனநல உதவிக்கு 14416 ‘டெலி மனஸ்’, போதைப் பழக்க ஆலோசனைக்கு 14446. இரண்டுமே கட்டணமில்லா எண்கள். தினமும் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. குடித்தவருக்குக் கண் மங்கினால், ‘போதை தெளியட்டும்’ என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அழைத்தவுடன் அவர்கள் கேட்பது எதைக் குடித்தார், எப்போது குடித்தார் என்பதாக இருக்கும். அதற்கு உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவதெல்லாம் அவர் பிழைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.