விருதுநகருக்கு ஒரு தொற்றுநோய் மருத்துவர்

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் அன்றைக்கு இறந்தவர்களின் எண்ணிக்கை தலைப்புச் செய்தி. அடுத்த வாரங்களில் தீக்காயப் பிரிவில் ஒவ்வொருவராக இறப்பது உள்பக்கத்தில் ஒரு பத்தி. முதல் சில நாட்களைத் தாண்டியவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது கிருமித் தொற்று. தோல் வெந்த உடம்பில் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் புகுந்து ரத்தத்தில் கலக்கின்றன. பல மருந்துகள் அவற்றிடம் எடுபடுவதில்லை. கல்ச்சர் அறிக்கையைப் பார்த்து எந்த ஆன்டிபயாட்டிக்கை எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கவே படித்தவர் தொற்றுநோய் மருத்துவர். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

சாத்தூரை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 2018 டிசம்பரில், அங்குள்ள அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் தானே வந்து சொன்னார். பிறகு தற்கொலைக்கு முயன்று இறந்தார். 2016லேயே அவரது ரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டும் அவருக்குத் தகவல் சேரவில்லை என்பது பின்னால் வெளிவந்தது. தவறு ரத்த வங்கியில் நடந்தது. நிபுணர் ஒருவர் இருந்திருந்தால் நடந்தே இருக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தொற்று கண்டவரைத் தேடிச் சொல்வதும், சிகிச்சையில் சேர்ப்பதும், மருத்துவமனைக்குள் தொற்றுக் கட்டுப்பாட்டைக் கண்காணிப்பதும் எவர் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பெயர் இருக்க வேண்டாமா?

பொது மருத்துவரே போதாதா என்பார்கள். எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, எம்டி மூன்று, அதற்குமேல் டிஎம் மூன்று: பதினொன்றரை ஆண்டுப் படிப்பு வீணுக்கு வகுக்கப்படவில்லை. புறநோயாளிக் கூட்டத்தில் மூச்சுத் திணறும் பொது மருத்துவர் இதையும் சுமக்கட்டும் என்பது அவருக்கும் நோயாளிக்கும் இழைக்கும் அநீதி.

1986இல் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டறிந்த மாநிலம் இது. அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 சதவீதத்தை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கியிருப்பதும் இதே மாநிலம்தான். அந்த ஒதுக்கீட்டில் தொற்றுநோய் டிஎம் இடங்களைப் பெருக்கி, சிவகாசியிலும் சாத்தூரிலும் வேலை பார்த்த இளம் மருத்துவர்களைப் படிக்க அனுப்பலாம். படித்துத் திரும்புகிறவருக்குப் பணியிடம் இல்லையென்றால் அவர் பெருநகரத் தனியார் மருத்துவமனைக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மக்கள் நல்வாழ்வுத் துறை வரும் மானியக் கோரிக்கையிலேயே இந்தப் பணியிடத்தை அறிவிக்க வேண்டும்.