லட்சியத்துக்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்?

அமெரிக்க ரொமான்ஸ் படங்களில் அடிக்கடி ஒரு பெண் வருவாள். நியூயார்க்கில் பெரிய வேலை, ஹை ஹீல்ஸ், காதிலிருந்து இறங்காத போன். அவளுடைய காதலன் ஏதோ காரியமாக ஒரு சின்ன ஊருக்குப் போவான், அங்கே மண்வாசனையோடு ஒரு நல்ல பெண்ணைப் பார்ப்பான். நியூயார்க்காரிக்கு ஒரு போன் வரும். அவ்வளவுதான், அவள் கதை முடிந்தது.

எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்' (2022) அந்த போனை எடுத்தவளின் பக்கம் போய் நிற்கிறது. நோரா ஸ்டீஃபன்ஸ் ஓர் இலக்கிய ஏஜென்ட். எழுத்தாளர்களுக்காகப் பதிப்பகங்களோடு பேரம் பேசுவதுதான் பிழைப்பு, அதில் கில்லாடி. சின்ன ஊருக்குப் போன காதலர்கள் அவளை இப்படிக் கழற்றி விட்டிருக்கிறார்கள். தங்கை லிபியின் வற்புறுத்தலால் வட கரோலினாவில் சன்ஷைன் ஃபால்ஸ் என்ற கற்பனை ஊருக்கு அவளே போகிறாள். அங்கே சந்திப்பது மரவெட்டி அழகனை இல்லை, நியூயார்க்கில் தனக்கு ஆகாத எடிட்டர் சார்லி லாஸ்ட்ராவை.

யோசித்துப் பார்த்தால் நல்ல திருப்பம்தான். 'பேபி பூம்' (1987) படத்தில் டயான் கீட்டன் மன்ஹாட்டன் வேலையை விட்டு வெர்மான்ட் போய்த்தான் நிம்மதி அடைய வேண்டியிருந்தது. 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வில் (2002) ஃபேஷன் டிசைனர் நாயகி பழைய ஊர்க்காரக் கணவனிடமே திரும்பினாள். நோரா நியூயார்க்கை விடுவதில்லை, வேலையையும் குறைத்துக்கொள்வதில்லை. வாசகர்கள் கொண்டாடினார்கள். குட்ரீட்ஸ் வாசகர் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் சிறந்த ரொமான்ஸ் இதுதான்.

இங்கேதான் எனக்குச் சண்டை. நோரா ஏன் இப்படி வேலை வேலை என்று இருக்கிறாள்? நாவல் பதில் சொல்லத் துடிக்கிறது. அம்மா இறந்துவிட்டாள். தங்கையைக் காப்பாற்றும் பொறுப்பு இவள் தலையில். எடிட்டராகும் ஆசையைக்கூடத் தங்கைக்காகத் தள்ளிவைத்தாள். ஆக, அவளுடைய லட்சியம் உண்மையில் தியாகமாம். நாம் மன்னித்துவிடலாமாம்! லீவு லெட்டரோடு மருத்துவச் சான்றிதழ் இணைப்பதுபோல, ஆசையோடு ஒரு காயத்தை இணைத்தால்தான் நாயகிக்கு அனுமதி.

சார்லிக்கும் சோகம் உண்டே என்பீர்கள். உண்டு. அப்பாவின் உடல்நிலையால் ஊருக்கு வந்து குடும்பப் புத்தகக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். ஆனால் அந்தச் சோகம் விளக்குவது, வேலையை விட்டு அவன் ஏன் ஊரில் இருக்கிறான் என்பதை. நோராவின் சோகம் விளக்குவது, அவள் ஏன் வேலையில் இருக்கிறாள் என்பதை. ஆண் வேலையை விட்டால் காரணம் வேண்டும். பெண் வேலையைப் பிடித்துக்கொண்டால் காரணம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

பாத்திரத்துக்குப் பின்கதை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் இந்த நாவலிலேயே அதைவிட நல்ல காரணம் இருக்கிறது. நோராவும் சார்லியும் ஒரே கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு வரி வரியாக அலசும் இடங்கள்தான் புத்தகத்தின் உயிர். முத்தக் காட்சிகளைவிட அங்கேதான் சூடு அதிகம். தன் தொழிலில் கெட்டிக்காரியான ஒருத்தி அதை அனுபவித்துச் செய்கிறாள் என்பதே போதுமே. அந்த சந்தோஷத்தை இவ்வளவு அழகாக எழுதிவிட்டு, அதன்மேல் நம்பிக்கை இல்லாமல் செத்துப்போன அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவானேன்?

முடிவைப் பாருங்கள். சார்லி நியூயார்க் திரும்ப வேண்டுமென்றால் கடையை யாராவது பார்க்க வேண்டும். பார்ப்பது யார்? லிபி. இரண்டு குழந்தைகளின் தாய், மூன்றாவது வயிற்றில். அவள் விரும்பித்தான் வருகிறாள், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு அப்படியேதான் இருக்கிறது: ஒருத்தி நகரத்தில் நிலைக்க இன்னொருத்தி ஊரில் உட்கார வேண்டும். சூத்திரம் உடையவில்லை, அக்காவிடமிருந்து தங்கைக்கு மாறியிருக்கிறது.

"ரொமான்ஸ்தானே பாஸ், விடுங்க" என்று இலக்கிய நண்பர்கள் சொல்வார்கள். விட முடியாது. எந்த ஆசை இயல்பானது, எதற்கு விளக்கம் தேவை என்பதை நிறைய பேருக்குச் சத்தமில்லாமல் கற்றுக்கொடுப்பது இந்தப் புத்தகங்கள்தான். நம் பேச்சிலும் அதே பாடம் உண்டு. 'வேலைக்குப் போற பையன்' என்றால் அது தகுதி. 'வேலைக்குப் போற பொண்ணு' என்றால் பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். நாள் முழுக்கப் படுத்திய ஒரு பிழை ராத்திரி 11 மணிக்குச் சரியாகும் நொடி எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். 'உனக்குள்ள என்ன காயம்?' என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பக்கத்து சீட்டில் அதே நேரம் அதே வேலையைச் செய்யும் பெண்ணிடம் 'வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?' என்று கேட்காத ஆள் இல்லை.

நோராவைக் காதலிக்க வைத்தது பெரிய விஷயமில்லை. யாரும் சாகாமலே, யாருக்கும் கடன்படாமலே, வேலை பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் வேலை செய்கிற ஒரு நாயகியை எழுதுங்கள். அவளுக்குக் காதல் வந்தால் வரட்டும். விளக்கம் மட்டும் கேட்காதீர்கள்.