மருந்துக்கு போர்மேனைத் தெரியாது

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளுக்கே வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள். "சார், பொம்பளப் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க ஊசி போடுறாங்களாமே. போடலாமா? வீட்ல எல்லாரும் வேண்டாங்கிறாங்க" என்று கேட்டாள். போடு தாயி என்று சொன்னேன்.

அன்று ராத்திரியே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வைரஸால் புற்றுநோய் வராதாம், தடுப்பூசி எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரமாம். இதைச் சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர், புற்றுநோய் மரபணுவையே கண்டுபிடித்தவர் என்றும் போட்டிருந்தது. அனுப்பியது என் மைத்துனர் மகன். நான் மறுத்து எழுதியதும், "மாமா, கலிலியோவையும் அந்தக் காலத்துல இப்படித்தான் ஏசுனாங்க" என்று பதில் போட்டான். கீழே பதினேழு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

மாப்பிள்ளை, உனக்கும் அந்தப் பதினேழு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

அந்தப் பேராசிரியர் பெயர் பீட்டர் டியூஸ்பெர்க். பெரிய ஆள்தான், அதை நான் மறுக்கவில்லை. கதை ஒரு கோழியில் ஆரம்பிக்கிறது. 1911இல் பெய்ட்டன் ரவுஸ் என்பவர், கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி வைரஸால் பரவுகிறது என்று காட்டினார். ஊரே சிரித்தது. 1966இல், அவருக்கு 87 வயதாகும்போது, நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வைரஸுக்குள் எந்தத் துண்டு புற்றை உண்டாக்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 1970இல் டியூஸ்பெர்க்கும் பீட்டர் வோக்ட்டும், கட்டி உண்டாக்கும் வைரஸையும் உண்டாக்காத வைரஸையும் ஒப்பிட்டு, ஒரு குறிப்பிட்ட துண்டில்தான் வித்தியாசம் என்று காட்டினார்கள். பிற்பாடு 'சார்க்' என்று பெயர் பெற்ற புற்றுநோய் மரபணு அதுதான். அதே மரபணு வைரஸ் இல்லாத நல்ல உயிரணுவிலும் இருக்கிறது என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் கண்டார்கள். அந்த இருவருக்கும் 1989இல் நோபல் கிடைத்தது. டியூஸ்பெர்க்கை 1986இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் உறுப்பினராக்கியது. இதுவரைக்கும் நீ சொன்னது சரி மாப்பிள்ளை.

1987க்குப் பிறகு நடந்ததை அந்த வீடியோ சொல்லவில்லை. அந்த வருடம் அவர், எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. காரணம் இல்லை என்று எழுதினார். போதைப் பழக்கமும் ஊட்டக்குறைவும்தான் காரணம் என்று பிற்பாடு வாதாடினார். அன்றைக்கு அது ஒரு கேள்வி. கேட்கலாம், தப்பில்லை. பிறகு சான்று மேல் சான்று வந்தது. ரத்தம் ஏற்றிய குழந்தைகளுக்கு வந்தது. வைரஸைக் குறிவைத்த கூட்டு மருந்துகள் 1996இல் வந்ததும், சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அவர் மட்டும் அசையவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் வைரஸ் காரணமில்லை, குரோமோசோம் குழப்பம்தான் காரணம் என்று 2013இல் எழுதினார். உன் வீடியோ எங்கே பிறந்தது என்று தெரிகிறதா?

அவர் பேச்சு பேச்சோடு போகவில்லை. தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி 2000இல் அமைத்த ஆலோசனைக் குழுவில் அவரும் அவர் கட்சிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். அங்கே எய்ட்ஸ் மருந்து தருவது தள்ளிப்போனது. சுகாதார அமைச்சரே பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார். அந்தத் தாமதத்தால் 2000க்கும் 2005க்கும் நடுவில் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகள் எடுத்து, வேலூரில் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் காட்டினார்கள். "நம்ம பண்பாட்டுக்கு அந்த வியாதி வராது" என்றுதான் ஊரில் பேச்சு. ஆனாலும் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இலேயே வந்தது. 2004இல் தாம்பரம் சானடோரியத்தில் இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். லாரி ஓடுகிற ஊர் நம் ஊர். அன்றைக்குச் சென்னையில் இருந்தவர்கள் டியூஸ்பெர்க் பேச்சைக் கேட்டிருந்தால், நம் தெருவில் எத்தனை வீடு பூட்டிக் கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்.

இப்போது கலிலியோவுக்கு வருகிறேன். டியூஸ்பெர்க் பிறந்த அதே 1936இல், அதே ஜெர்மனியில் பிறந்த இன்னொருவர் ஹரால்ட் சூர் ஹவுசன். அவரும் புற்றுநோய் வைரஸ் ஆராய்ச்சிக்காரர்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெர்பெஸ் வைரஸ் என்று 1970களில் பெரிய பெரிய ஆட்கள் சொன்னார்கள். தேடிப் பார்த்தேன், அது இல்லை என்றார் இவர். 1974இல் ஃபுளோரிடா கூட்டத்தில் இதைச் சொன்னபோது சபை ஏற்கவில்லை. பாலுண்ணி உண்டாக்குகிற பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். பத்து வருடம் தேடினார். 1983இல் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் கட்டிக்குள் இருந்தே எடுத்துக் காட்டினார். உலகத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் நூற்றுக்கு எழுபதுக்கு இந்த இரண்டு வகைதான் காரணம். எடுத்ததைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆய்வகங்களுக்கும் கொடுத்தார், நீங்களும் பாருங்கள் என்று. பார்த்தார்கள். அதே விடை வந்தது. 2008இல் நோபல் கிடைத்தது. 2023இல் இறந்தார்.

இரண்டு பேரும் கூட்டத்தை எதிர்த்தவர்கள்தான். ஒருவர் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தார். இன்னொருவர் சான்று வந்த பிறகும் எதிர்த்தார். கலிலியோவை ஏசினார்கள் என்பது உண்மை. ஏச்சு வாங்கியவன் எல்லாம் கலிலியோ ஆக முடியாது மாப்பிள்ளை. என் வகுப்பில் தினமும் ஏச்சு வாங்கியவர்களில் நீயும் ஒருவன்.

நம் ஊர் கணக்கில் சொல்கிறேன். பட்டாசு ஆபீசில் மருந்து கலக்கிற அறையில் முப்பது வருடம் அனுபவம் உள்ள போர்மேன் இருப்பார். முதலாளியே அவரை அண்ணாச்சி என்பார். ஒருநாள் அவரே அளவுக்கு மேல் மருந்தைக் கலந்து, அவசரத்தில் உரசிவிட்டால், இவர் முப்பது வருட போர்மேன் என்று மருந்து யோசிக்குமா? அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் சத்தம் கேட்டதும் ஓடினோமே, அங்கே மருந்து யார் முகத்தையாவது பார்த்ததா? மருந்துக்கு போர்மேனைத் தெரியாது. வைரஸுக்குப் பேராசிரியரைத் தெரியாது. நேற்று ஒருவர் சரியாகச் சொன்னார் என்பதற்காக, இன்று அவர் தப்பாகச் சொல்வதற்கு உடல் கட்டுப்படாது.

இனி நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்று. என் மூத்த அக்கா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். 1994இல் இறந்தாள். அதற்கு முன்னால் இரண்டு வருடம் வெள்ளைப்படுதல், இடையிடையே ரத்தம். "உடம்புச் சூடு" என்றோம். வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தோம். அரை நாள் கூலி போகுமே என்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பொம்பளைச் சமாச்சாரம் என்று நான் கேட்கவில்லை. இனப்பெருக்க மண்டலம் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய அறிவியல் வாத்தியார், சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டேன். கருப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்தக் கூச்சத்துக்கு வயது இப்போது முப்பதுக்கு மேல். இன்னும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

"அது வேற மாதிரி நடத்தை உள்ளவங்களுக்கு வர்றது. நம்ம பிள்ளைக்கு எதுக்கு அந்த ஊசி? ஊர் என்ன சொல்லும்?" என்று குழுவில் ஒரு மதினி எழுதியிருந்தார். மதினி, கோபப்படாமல் கேளுங்கள். இந்த வைரஸ் உடலுறவில் தொற்றுவது. வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு வாழ்ந்தவளுக்கும், அந்த ஒருவர் வழியாக வரும். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒருதரம் தொற்றித் தானாகப் போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, உயிரணு கட்டுமீறி வளராதபடி காவல் இருக்கிற இரண்டு புரதங்களை முடக்கிவிடும். பத்து, இருபது வருடம் கழித்துப் புற்றாகும். என் அக்கா நடத்தையைப் பற்றி ஏழாயிரம்பண்ணையில் ஒருவர் குறை சொல்லியிருப்பாரா? வைரஸ் நடத்தைச் சான்றிதழ் கேட்டு வருவதில்லை.

ஊசியில் இருப்பது அந்த வைரஸின் மேல்தோடு மட்டும். உள்ளே மரபணு கிடையாது, அதனால் நோய் உண்டாக்க முடியாது. வெற்றுத் தோட்டைப் பார்த்தே உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொள்ளும். வைரஸ் தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் 2022 கணக்குப்படி ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

"கம்மத்தில் பிள்ளைகள் செத்தார்களே" என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009இல் இந்த ஊசியை வைத்து ஒரு திட்டம் நடந்தது. ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். விசாரித்ததில் நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வந்தன. ஊசியால் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டது மகா தப்பு. நாடாளுமன்றக் குழுவும் கடுமையாகக் கண்டித்தது. ஏழைப் பிள்ளை என்றால் கேட்க வேண்டாமா? அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

அந்தக் கலவரத்தில், 2010இல், நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்த இன்னொரு ஆய்விலும் ஊசி போடுவது நின்றது. நம் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். பல பிள்ளைகளுக்கு ஒரு தவணையோடு நின்றுபோனது. அந்தப் பிள்ளைகளை விடாமல் பத்து வருடம் கவனித்தார்கள். ஒரே தவணை போட்டவர்களுக்கும் 16, 18 வகைத் தொற்று தங்காமல் நல்ல பாதுகாப்பு இருந்தது. ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். ஆக, இது எங்கேயோ வெள்ளைக்காரப் பிள்ளையிடம் மட்டும் பார்த்த ஊசி இல்லை.

அதே அம்பிளிக்கை ஆட்கள் இன்னொன்றும் செய்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் புளிக்காடி போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறினால் சந்தேகம். பெரிய எந்திரம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. அப்படிப் பார்த்த பகுதிகளில் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். என் அக்காவுக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

எனவே, பிள்ளைகளா, கேள்வி கேளுங்கள். என்ன ஊசி, எத்தனை தவணை, போட்ட பிறகு என்ன ஆகும், மயக்கம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று செவிலியரிடம் கேளுங்கள். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் கிடைத்த பிறகும் வீடியோவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள். தமிழக அரசே 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடப்போவதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

முப்பது வயது தாண்டிய என் மாணவிகள், பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்கள், அரை நாள் கூலியைப் பார்க்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பரிசோதனை என்று கேளுங்கள். பையன்களுக்கும் சொல்கிறேன்: வீட்டில் அக்காவிடம், அம்மாவிடம், பொண்டாட்டியிடம் கேளுங்கள். என்னை மாதிரி கூச்சப்படாதீர்கள்.

மாப்பிள்ளை, உன் மகளுக்கு வருகிற ஆவணியில் பதினொன்று முடிகிறது. என் மேல் கோபம் இருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போடு, அத்தை கையால் காப்பி உண்டு. ஆனால் அந்த வீடியோவைக் குழுவில் இருந்து எடுத்துவிடு.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
ஏழாயிரம்பண்ணை.