புதுத் தரை வாங்க முதல் கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள்

மொன்றியலில் எங்கள் வயதுக்காரர் வீடு வாங்கினால், சாவி கைக்கு வந்ததும் முதலில் கதைப்பது தரையைப் பற்றித்தான். சாம்பல் நிற வினைலா, அகலமான லமினேற்றா, கொஞ்சம் காசு கூட இருந்தால் எஞ்சினியேர்ட் ஹார்ட்வூட்டா என்று கடை கடையாக ஏறி இறங்குவோம். நிறம் தெரிவு செய்யவே இரண்டு சனிக்கிழமை போய்விடும்.

நிறத்தைக் கடைசியில் யோசியுங்கள் என்பதுதான் என் கருத்து. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒரேயொரு கேள்வி: "இந்தத் தரையைப் பிறகு தேய்த்துப் புதுசாக்கலாமா?"

இந்த நகரத்தில் அந்தக் கேள்விக்குப் பெறுமதி கூட. பார்க் எக்ஸ்டென்ஷன், வில்லரே, ரோஸ்மொன்ட், வேர்டன் பக்கங்களில் வெளியே இரும்புப் படிகளோடு நிற்கும் டுப்ளெக்ஸ், ட்ரிப்ளெக்ஸ் வீடுகளில் நிறைய 1900களின் முதல் முப்பது வருடங்களில் கட்டியவை. அவற்றின் கார்ப்பெற்றுக்கோ லினோலியத்துக்கோ கீழே மேப்பிள், பேர்ச், ஓக் பலகைத் தரை கிடப்பது அதிசயமில்லை. வாங்கும் வீடு அப்படியானது என்றால், புதுத் தரைக்கு விலை கேட்க முதல் அலுமாரி மூலையில் கார்ப்பெற்றைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகும் சாமானை விடத் தரமான ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அவற்றை நீங்களே சுரண்டாதீர்கள். ஒரு துண்டை ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். முழுமரப் பலகை வழக்கமாக முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததின் பள்ளத்துக்குள் செருகியிருக்கும். அந்தச் செருகலுக்கு மேலே இருக்கும் மரத்தைத்தான் தேய்க்கலாம். ஒரு முறை தேய்த்தால் ஒரு மில்லிமீற்றர் அளவில் போகும். ஆகவே ஒரு நல்ல தரை பல முறை புதுப்பிறவி எடுக்கும். எஞ்சினியேர்ட் பலகையில் மேலே ஒட்டியிருக்கும் அசல் மரத்தின் தடிப்பைக் கேளுங்கள். 4 மில்லிமீற்றர் என்றால் ஓரிரு முறை தேய்க்கலாம். 1 மில்லிமீற்றருக்கும் குறைவு என்றால் மெஷினைக் கிட்டவே கொண்டுபோக முடியாது. லமினேற்றும் வினைலும் தேய்ந்தால் குப்பைக்குத்தான்.

எந்த மரம்? இங்கே எங்கள் அப்பாமாருக்கு ஒரே பதில்: தேக்கு. ஆனால் மரத்தின் கடினத்தை அளக்கும் ஜங்கா அளவுகோலில் தேக்கு 1000 சொச்சம்தான். சிவப்பு ஓக் 1290. கியூபெக் காடுகளில் வளரும் சர்க்கரை மேப்பிள் 1450. தேக்கின் பெருமை தண்ணீரையும் கறையானையும் தாங்குவதில் இருக்கிறது. சட்டி விழுந்தால் பள்ளம் விழாமல் இருப்பதில் மேப்பிள் அதை வென்றுவிடும். என்பிஏ ஆடுகளங்கள் அநேகமாக எல்லாம் மேப்பிள்தான் என்பதையும் யோசியுங்கள். மஞ்சள் பேர்ச் 1260. அது 1993 முதல் கியூபெக்கின் சின்ன மரம். பக்கத்துக் காட்டில் இவ்வளவு இருக்க, எங்கேயோ வெப்பமண்டலக் காட்டில் வெட்டியதைக் கப்பலேற்றிக் கொண்டுவரத் தேவையில்லை.

குளிர்காலத்தையும் மறக்கக் கூடாது. ஜனவரியில் ஹீற்றர் ஓட ஓட வீட்டுக் காற்று காய்ந்து, மரம் சுருங்கிப் பலகைகளுக்கு இடையில் இடைவெளி தெரியும். கோடையில் அதுவே மூடிக்கொள்ளும். பெப்ரவரியில் பயந்துபோய்ப் பசை வைத்து அடைக்காதீர்கள். ஈரப்பதம் 35க்கும் 55க்கும் இடையில் நிற்கப் பார்த்துக்கொண்டால் போதும். அதை அளக்கும் கருவி மலிவு. பலகை அகலமாக இருந்தால் இடைவெளியும் பெரிதாகத் தெரியும். பழைய மொன்றியல் தரைகளின் ஒடுக்கமான பலகைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு நன்மை உண்டு.

எங்கள் பழக்கமும் மரத்துக்கு உதவி. சப்பாத்தை வாசலில் கழற்றுகிறோம், தெருவின் உப்பும் சரளைக் கல்லும் உள்ளே வராது. ஆனால் பரதநாட்டியத் தட்டடவு கீழ்வீட்டுக்காரருக்கு இடியாகக் கேட்கும். ஆகவே மாடிவீட்டில் புதுத் தரை போட்டால் ஒலி தடுக்கும் விரிப்பை முதலில் போடுங்கள். கொண்டோ என்றால் பலகை வாங்க முதல் கட்டட விதிகளை வாசியுங்கள். சாமியறை விளக்குக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு வைத்தால் எண்ணெய்க் கறையும் இல்லை.

"பழசை ஏன் வச்சிருக்கிறீங்கள்? புதுசாப் போடுங்கோ" என்று மாமாமார் சொல்வார்கள். அதைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. 83க்குப் பிறகு வந்து, கோட்-டெ-நெய்ஜ் வாடகை வீடுகளில் வேறு ஆட்களின் கார்ப்பெற்றில் வருடக்கணக்காகப் படுத்தவர்களுக்குப் புதுத் தரை என்பது "இது என்ர வீடு" என்று சொல்கிற பலகை. ஆனால் அதே ஆட்களின் அம்மம்மாமார் ஊரில் மண் தரையைத் திரும்பத் திரும்பச் சாணம் போட்டு மெழுகினார்கள். தரையைப் புதுப்பித்துக்கொண்டே வாழ்வது எங்களுக்கு அந்நியமான பழக்கமில்லை.

எல்லா இடத்துக்கும் மரம் என்று நான் சொல்லவில்லை. நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ற்றில் ஈரம் ஏறும், அங்கே ஓடோ வினைலோ போடுங்கள். பாத்ரூமும் அப்படித்தான். பழைய தரையைத் தேய்க்க இப்போது காசில்லை என்றால் அதன் மேல் லமினேற் போடுவதும் பிழையில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: பசை வேண்டாம், ஆணி வேண்டாம். ஒன்றோடொன்று கொழுவி மிதக்க விடுகிற வகையைப் போடுங்கள். கையில் காசு வந்த பிறகு கழற்றி எடுக்கலாம்.

அடுத்த முறை விலை கேட்கும்போது இரண்டு விலை கேளுங்கள்: புதுசு போட எவ்வளவு, இருப்பதைத் தேய்த்து மெருகேற்ற எவ்வளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நிறத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம்.